உருளாமல் நின்ற மாலை

சரிவான பலகையில் வைத்த பாரம் வழுக்காதிருக்க எவ்வளவு விசை, எத்திசையில் வேண்டும்? இன்று பௌதிகம் பயிலத் தொடங்கும் மாணவன் பாரத்தை இரு கூறாக்கி விடை சொல்வான். அலெக்சாந்திரியாவின் பப்பசு என்னும் பெருங் கணிதரே இவ்வினாவில் இடறினார் என்பதை அவன் அறியான்.

1548 இல் புரூச் நகரிற் பிறந்த சீமோன் ஸ்ரெவின், தொடக்கத்தில் கணக்கெழுதிப் பிழைத்தவர். 1586 இல் லைடன் நகரில் அவர் வெளியிட்ட நிறையியல் நூலில் ஒரு படம் உண்டு. முக்கோணம் ஒன்று; அதன் ஒரு சரிவு மற்றதினும் இருமடங்கு நீளம். அதைச் சுற்றி 14 சம குண்டுகள் சம இடைவெளியிற் கோத்த மாலை. நீண்ட சரிவில் 4, குறுகியதில் 2. எஞ்சிய 8 கீழே தொங்குகின்றன.

மாலை தானே நகருமா? நகர்ந்தால், ஒரு குண்டு விட்ட இடத்தை மற்றொன்று நிரப்பும். நிலைமை முன்போலவே இருக்கும். மாலை ஓயாது சுழல வேண்டும். அது நடவாது என்று தள்ளிவிட்டார் ஸ்ரெவின். நிறுவல் கேட்போர்க்கு இது குறையாகலாம். எனக்கோ அத்துணிவே பெரிது. கீழே தொங்கும் 8 குண்டுகளும் இருபுறமும் ஒத்து இழுப்பதால், அவற்றை நீக்கினும் சமநிலை குலையாது. ஆகவே நீண்ட சரிவின் 4 குண்டுகளும் குறுகிய சரிவின் 2 குண்டுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. உயரம் மாறாதிருக்க, சரிவு இருமடங்கு நீண்டால், அதன்வழியே பாரம் கீழிறங்க இழுக்கும் விசை பாதியாகும். தராசைத் தொடாமலே கிடைத்த விதி இது.

5 மீற்றர் நீளமும் 3 மீற்றர் உயரமும் உள்ள வழுவழுப்பான சரிவில் 50 நியூற்றன் நிறையை வையுங்கள். சரிவின்வழியே கீழ்நோக்கிய கூறு 30. சரிவுக்குச் செங்குத்தாக அழுத்தும் கூறு 40. அந்த 40 ஐப் பலகையே எதிர்த்துத் தாங்கும். நாம் சரிவின்வழியே மேல்நோக்கி 30 நியூற்றன் கொடுத்தாற் போதும். பௌதிக ஆசிரியர் வராத நாட்களில் வகுப்பை மேற்பார்க்கும் கலைப்பட்டதாரியாகிய நான், எண்ணைச் சரியாக எழுதி அம்புக்குறியைத் தலைகீழாக இடும் பிள்ளைகள் பலரைக் கண்டிருக்கிறேன். சமன்செய்யும் விசை பருமனில் விளையுளுக்குச் சமம். திசையில் நேர் எதிர்.

விளையுளை இணைகரத்தின் மூலைவிட்டமாகக் காணும் முறையை, அவ்வலகுக்குப் பெயர் தந்த நியூற்றனும் பிரான்சின் வரிஞ்ஞோனும் 1687 ஆம் ஆண்டிலேயே தத்தம் நூல்களில் விளக்கினர்.

அறிஞர் இலத்தீனில் எழுதிய அக்காலத்தில் ஸ்ரெவின் தம் தாய்மொழியான ஒல்லாந்த மொழியில் எழுதினார். கணிதத்துக்கு ஒல்லாந்தர் இன்று வழங்கும் சொல்லும் அவர் ஆக்கத்தினின்று வந்ததே. நூலின் முகப்பில் அம்மாலைப் படத்தையே அச்சிடுவித்தார்; வியப்பெனத் தோன்றுவது வியப்பன்று என்னும் பொருளுடைய வாசகத்தையும் அதனுடன் பொறித்தார்.