குறுங்காலக் காய்ச்சலின் வரையறை: கொல்லிமலையை முன்வைத்து ஒரு மறுநோக்கு

நோயின் குறியாகிய காய்ச்சலுக்கு, அதன் மூலம் புலப்படாத முதல் நாள்களில், மருத்துவம் ஒரு நோய்ப்பெயரின் தகுதியையே வழங்கிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு மேற்படாததும், தொண்டை, நுரையீரல், சிறுநீர்ப்பாதை என எந்த உறுப்பையும் மூலமாகச் சுட்டாததுமான காய்ச்சல் ‘வேறுபடுத்தப்படாத குறுங்காலக் காய்ச்சல்’ எனப்படுகிறது. செய்தித்தாள்கள் ‘மர்மக் காய்ச்சல்’ என்று எழுதுவது பெரும்பாலும் இதையே. வெப்ப அளவு, நாள் கணக்கு, மூலம் காணப்படாமை ஆகிய மூன்று கூறுகளைக் கொண்ட இவ்வரையறையில், மூன்றாவது கூறு நோயின் இயல்பைக் காட்டிலும் மருத்துவர் தேடிய அளவையே சார்ந்துள்ளது என்பதும், விரிவான ஆய்வக வசதி எட்டாத மலைப்பகுதிகளில் இதன் விளைவு பெரிது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வெப்ப அளவும் தோன்றும் அளவுக்கு உறுதியானதன்று. 1868இல் வுண்டர்லிச் நிலைநாட்டிய 37 பாகை செல்சியஸ் என்னும் இயல்பளவை 1992இல் மறுஆய்வு செய்த மக்கோவியக் குழுவினர், நலமுள்ளோரின் வெப்பம் நேரத்துக்கேற்ப மாறுவதைக் காட்டி, மேல்வரம்பை விடியற்காலையில் 37.2 என்றும் நாள் முழுமைக்கும் 37.7 என்றும் வகுத்தனர். பாராசிட்டமால் விழுங்கிவிட்டு வரும் நோயாளியிடம் வெப்பமானி இயல்பளவையே காட்டக்கூடுமாதலால், அவர் கூறும் காய்ச்சல் வரலாற்றுக்கும் வரையறையில் இடமிருத்தல் வேண்டும்.

நாள் கணக்கு சோதனையின் பொருளையே மாற்றவல்லது. டெங்குவின் என்எஸ்1 புரதம் முதல் ஐந்து நாள்களில் நன்கு வெளிப்பட, எதிர்ப்பொருள்கள் அதன் பின்னரே தெளிவாகத் தோன்றுகின்றன. ஆகவே இரண்டாம் நாளில் செய்த எதிர்ப்பொருள் சோதனையின் ‘இல்லை’ என்னும் முடிவு நோயை விலக்குவதாகாது.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, மரவள்ளி, மிளகு பயிரிடும் கொல்லிமலையில் வயலும் புதரும் காடும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இத்தகைய நிலத்தில் காய்ச்சலுடன் வருபவரிடம் ஸ்க்ரப் டைபஸ் நோயை நினைவில் கொள்வது இன்றியமையாதது. தமிழில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என வழங்கினும், இதனைப் பரப்புவது மாட்டுண்ணியன்று. புதர்களில் வாழும் ஒருவகைச் சிலந்திப்பேனின், கண்ணுக்கு எளிதில் புலப்படாத இளம்பருவமே. எனவே ‘உண்ணி கடித்ததா’ என்ற வினாவுக்கு வரும் ‘இல்லை’ எதையும் மெய்ப்பிப்பதில்லை. கடித்த இடத்தில் உண்டாகும், சிகரெட் சுட்டது போன்ற கரும்பொருக்கு வலியற்றதாய் அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி ஆகிய மறைவிடங்களில் இருப்பதால் நோயாளியே அதனை அறியாதிருக்கலாம். மறைப்பில்லாத, நெரிசலான புறநோயாளிப் பிரிவிலோ, குறிப்பாகப் பெண்களிடம், அது தேடப்படாமலே போகலாம்.

பொருக்கு எல்லாரிடமும் தோன்றுவதில்லையாதலால் தேடல் பயனற்றது என்று மறுக்கலாம். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல் இதற்கு விடையளிக்கிறது: மூலம் தெரியாக் காய்ச்சல் ஐந்து நாளாயின் பொருக்கு இல்லாவிடினும், பொருக்கு இருப்பின் ஐந்து நாளுக்கு முன்னரும், இந்நோயை ஐயுற வேண்டும். காணப்படாத குறியின் இடத்தை இங்கு நாள் கணக்கு நிரப்புகிறது. பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாத இந்நோய், டாக்சிசைக்ளினுக்கும் அசித்ரோமைசினுக்கும் கட்டுப்படுவதால், பெயரிடுவதில் நேரும் தவறு சிகிச்சைக்குரிய நாள்களையே விழுங்கிவிடுகிறது.

ஆகவே ‘வேறுபடுத்தப்படாத’ என்னும் அடைமொழி, தேடலுக்குப் பின் எழுதப்படும்போதே பொருளுடையதாகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளி மருத்துவமனைக்கு அனுப்பப்படும் நோயாளியின் பரிந்துரைச் சீட்டில், காய்ச்சலின் எத்தனையாம் நாள், உடலில் எவ்விடங்கள் பார்க்கப்பட்டன, எச்சோதனை எந்நாளில் செய்யப்பட்டது என்னும் மூன்றும் இடம்பெற்றால், அங்குள்ள மருத்துவர் விட்ட இடத்திலிருந்து தொடர இயலும். வெறுமனே ‘காய்ச்சல்’ என்றிருப்பின், முதல் நாளிலிருந்தே தொடங்க நேரும்.