வெள்ளையடித்த டாங்கிகளும் நான்கு குளிர்காலங்களும்

பிளாஸ்டிக் கிட் வாங்கி டாங்கி மாடல் செய்கிறவர்கள், இரண்டாம் உலகப்போர் டாங்கியைப் பனிக்காலக் கோலத்தில் செய்ய உட்கார்ந்தால் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி வெள்ளை நல்லா இருக்கும்?" என்றுதான். என்னைக் கேட்டால் முதல் கேள்வி "எந்த வருடம், எந்த மாதம்?" என்று இருக்க வேண்டும். அதற்கு விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த வெள்ளையைப் பார்த்துவிடலாம். அது நிலையான பெயிண்ட் இல்லை. பொங்கலுக்கு நம் ஊரில் சுவருக்கு வெள்ளையடிப்போமே, கிட்டத்தட்ட அந்தச் சமாச்சாரம்தான். சுண்ணாம்பு, சீமைச்சுண்ணாம்புத் தூள் அல்லது தண்ணீரில் கரையும் வெள்ளைச் சாயம். அடிப்பதும் பெரும்பாலும் அந்த வண்டியின் ஆட்களேதான். துடைப்பமோ பிரஷ்ஷோ, கையில் கிடைத்ததை வைத்து அடிப்பார்கள். பனி உருகிய பிறகும் வெள்ளையாக நின்றால் எதிரிக்குக் கொண்டாட்டம். அதனால் கழுவினால் போய்விட வேண்டும் என்பதே ஏற்பாடு. கழுவினால் போவது, உரசினாலும் போகும். ஆக அந்தப் பூச்சு ஒரு நாட்காட்டி மாதிரி. எவ்வளவு உரிந்திருக்கிறது என்பதைப் பார்த்தே அந்த வண்டி எத்தனை நாள் தாக்குப்பிடித்தது என்று ஊகிக்கலாம்.

முதல் குளிர்காலம் 1939-40. நவம்பர் 30, 1939 அன்று சோவியத் படைகள் ஃபின்லாந்துக்குள் நுழைந்தன. ஃபின்லாந்து வீரர்கள் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு பனிச்சறுக்கில் வந்தார்கள். எதிரே சோவியத்தின் டி-26 டாங்கிகள் பச்சை நிறத்தில், வெள்ளைப் பனியில் பளிச்சென்று நின்றன. போர் போகப் போகத்தான் சோவியத் டாங்கிகள் வெள்ளைக்கு மாறின. அந்தப் பாடத்தை மாஸ்கோ மறக்கவில்லை.

அந்தப் பாடத்தைப் படிக்காதவர்கள் ஜெர்மானியர்கள். ஜூன் 22, 1941-ல் சோவியத் மீது படையெடுத்தபோது குளிர் வருவதற்குள் கதை முடிந்துவிடும் என்பது ஹிட்லரின் கணக்கு. முடியவில்லை. டிசம்பரில் மாஸ்கோவின் வாசலில், பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி குளிரில், கருஞ்சாம்பல் நிற ஜெர்மன் டாங்கிகள் பல அப்படியே நின்றன. வெள்ளைச் சாயம் போதவில்லை. சாக்குக்கட்டியால் தேய்த்தார்கள், படுக்கை விரிப்புகளைப் போர்த்தினார்கள். டிசம்பர் 5-ல் சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கியது. அந்த மாதக் கடைசியில்தான் கம்பளி உடை கொடுங்கள் என்று ஜெர்மன் மக்களிடம் கோயபல்ஸ் கையேந்தினார். ஆகவே 1941 டிசம்பர் ஜெர்மன் டாங்கியை நாலா பக்கமும் சீராக வெள்ளையடித்து வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வரலாறு அங்கே காணாமல் போய்விடும். அந்த அரைகுறைத் தேய்ப்புக்குப் பின்னால் இருப்பது ஒரு தலைமையின் ஆணவம்.

மூன்றாவது, 1942-43. இந்த முறை வெள்ளைச் சாயமும் வந்தது, திருப்பிப் போட்டால் வெள்ளையாகும் உடையும் வந்தது. ஆனால் ஸ்டாலின்கிராடில் சுற்றிவளைக்கப்பட்ட படைக்கு எதுவுமே போதவில்லை. டாங்கிகள் பெட்ரோல் இல்லாமல் நின்றன. பிப்ரவரி 2, 1943-ல் எல்லாம் முடிந்தபோது சிறைப்பட்டவர்கள் சுமார் 91,000 பேர். அவர்களில் ஊர் திரும்பியவர்கள் 6,000 பேர் இருந்தால் அதிகம். ஜெயித்த சோவியத் தரப்பில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் மட்டும் 4 லட்சத்துக்கு மேல். அதே பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவம் தன் வண்டிகளின் அடிப்படை நிறத்தைக் கருஞ்சாம்பலில் இருந்து மணல் மஞ்சளுக்கு மாற்றியது.

மாடல் செய்கிறவர்களுக்கு இது முக்கியம். நமக்குக் கிடைக்கும் பழைய போட்டோக்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. உரிந்த வெள்ளைக்கு அடியில் தெரிவது சாம்பலா மஞ்சளா என்று கண்ணால் சொல்வது கஷ்டம். தேதிதான் சொல்லும். மார்ச் 1943-ல் கார்கோவில் நின்ற டைகர் என்றால் அடியில் சாம்பல், மேலே தேய்ந்துபோன வெள்ளை, கீழே பனி உருகிய சேறு. அடுத்த குளிர்காலத்தில் புதிதாக வந்த டைகர் என்றால் அடியில் மஞ்சள். சோவியத் டி-34 என்றால் எப்போதும் பச்சை.

இந்தத் தேய்மானத்தை மாடலில் கொண்டுவர இன்று பலரும் செய்வது ஹேர் ஸ்பிரே வித்தை. அடிப்படை நிறம் நன்றாகக் காய்ந்ததும் மேலே சாதாரண ஹேர் ஸ்பிரே. அதன் மேல் மெல்லிசாக அக்ரிலிக் வெள்ளை. காய்ந்ததும் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்தால் ஹேர் ஸ்பிரே கரைந்து வெள்ளை உரிந்து வரும். அசலிலும் தண்ணீரில் போனது, மாடலிலும் தண்ணீரில் போகிறது! எங்கே தேய்ப்பது? மூடியைச் சுற்றி, ஆட்கள் கால் வைத்து ஏறும் மட்கார்டில், பெட்ரோல் ஊற்றும் இடத்தில். கை கால் படாத இடுக்குகளில் வெள்ளையை விட்டுவிடுங்கள். சுத்த வெள்ளை வேண்டாம், துளி சந்தன நிறம் கலந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பொம்மை மாதிரி இருக்கும். நான் இருக்கும் புனேயில் பனி என்பது ஃப்ரிட்ஜில் மட்டும்தான், அதனால் எனக்குப் போட்டோக்களே கதி :-)

கடைசிக் குளிர்காலம் 1944-45. பெல்ஜியத்தில் டிசம்பர் 16-ல் ஜெர்மனியின் கடைசிப் பெரும் தாக்குதல். இப்போது வெள்ளை இல்லாமல் தவித்தது அமெரிக்கர்கள். அவர்களுடைய ஷெர்மன்கள் பலவற்றுக்கு ஜனவரியில்தான் சுண்ணாம்பு கிடைத்தது. பாஸ்டோன் நகருக்குப் பக்கத்தில் எம்ரூல் என்ற சின்ன கிராமத்தில் ஜான் ஹான்லன் என்ற அமெரிக்க அதிகாரி, உருமறைப்புக்காகக் கிராமத்தாரிடம் படுக்கை விரிப்புகளைக் கேட்டார். கொடுத்தார்கள். போர் முடிந்து 1948-ல் அவர் அதே கிராமத்துக்குத் திரும்பிப் போனார். மாசசூசெட்ஸில் அவருடைய ஊர்க்காரர்கள் சேர்த்துக் கொடுத்த புது விரிப்புகள் கையில் இருந்தன. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மாடல் அலமாரிகளில் ஜெர்மன் டாங்கிகள்தான் எப்போதும் அதிகம். பார்க்க மிடுக்காக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வெள்ளையை உரிக்கும்போது அடியில் தெரிவது சாம்பலும் மஞ்சளும் மட்டும் இல்லை. யார் எதற்காக அங்கே போனார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதும்தான். அடுத்த முறை பிரஷ்ஷை எடுக்கும்முன் ஒரு துண்டுத் தாளில் இடத்தையும் தேதியையும் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.