பிளிக்ளிங்கு மாளிகை: உடைமையும் பயனும்

பழமனை ஒன்று நிலைபெறுதல் சுவரின் வன்மையால் மட்டும் அமைவதன்று. உடையவர் யார், பயன் யாது என்னும் இரண்டாலும் அமைவதாகும். இங்கிலாந்தின் நார்போக்குப் பகுதியிலுள்ள பிளிக்ளிங்கு மாளிகையின் வரலாறு கொண்டு இதனை ஆராய்வாம்.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீதிபதி சர் ஹென்றி ஹோபார்ட்டு எழுப்பிய இம்மாளிகை, 1930இல் மரபுரிமையால் லோதியன் பிரபுவை அடைந்தது. உடையவர் இறந்தவுடன் வழித்தோன்றல்மேல் விழும் வரி, பெருமனைகளைக் குலைத்துவந்த காலம் அது. வரி செலுத்த நிலமும் ஓவியமும் நூலும் விலைப்பட்டன. இக்கேட்டினை 1934இல் நேசனல் டிரஸ்டு என்னும் அறநிலையத்தின் கூட்டத்தில் அவர் எடுத்துரைத்தார். 1937ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி கண்டது: மனையையும் அதனைப் பேணுதற்குரிய சொத்தையும் அறநிலையம் ஏற்கலாம், வழங்கியோர் அங்கேயே வாழலாம். 1940இல் லோதியன் மறைந்தபோது மாளிகையும் நூல்நிலையமும் நிலமும் அறநிலையத்தின் உடைமையாயின.

உடைமை நிலைத்தது, பயனோ மாறிக்கொண்டே வந்தது. போர்க்காலத்தில் விமானப்படை அலுவலர் தங்கினர். பின்னர் வாடகைக்கு விடப்பட்டது. 1960களில் பொதுமக்கள் காணும் இடமாயிற்று.

பழமனைகளைப் பட்டியலிட்டுக் காத்தலே போதும் என்பார் உளர். அது பொருந்தாது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பட்டியலிலுள்ள மனையை இடிக்க விழைவோர் இரு திங்கள் முன்னர் அறிவித்தலே போதுமாயிருந்தது; முன்னிசைவு பெறல் வேண்டும் என்னும் விதி 1968இல்தான் வந்தது. இடைக்காலத்தே மாளிகைகள் பல மறைந்தன. விதி வலுப்பெற்ற பின்னரும், கூரை வேயும் பொருளைப் பட்டியல் தாராது.

ஆகலின், பட்டியல் இடிப்பைத் தடுக்கும். பேணுதல் உடையவரின் கடமை. பிளிக்ளிங்கு பிழைத்தது இதனாலேயே. எனினும் ஒரு குடும்பம் வாழும் இல்லமாக அது பிழைக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.