நன்னீர்க் குதிரைலாட நண்டுகள்

கடலை விட்டு ஆறு, ஏரி, சதுப்புகளில் குடியேறிப் பின்னர் அடியோடு அழிந்துபோன குதிரைலாட நண்டினங்கள். பெயரில் நண்டு இருந்தாலும் இவ்வகைக்குச் சிலந்தியும் தேளுமே நெருங்கிய உறவு. குதிரைலாட நண்டுகளின் மிகப் பழைய புதைபடிவங்களில் ஒன்றான லூனட்டாஸ்பிஸ் அரோரா, கனடாவின் மனிடோபாவில், சுமார் 44.5 கோடி ஆண்டுப் பழமையான கடற்பாறையில் கிடைத்தது. அன்றிலிருந்து உருமாறாத 'வாழும் புதைபடிவம்' என்றே இவ்வகையைப் பலரும் எழுதுகிறார்கள். கடலில் தங்கிய கிளைக்கு அது ஓரளவு பொருந்தும். நன்னீருக்குப் போனவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது.

முதலில் பெருகியவை பெலினூரிடுகள். நிலக்கரிக் காலத்தில், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவியிருந்த சதுப்புக்காடுகளின் நீர்நிலைகளே இவற்றின் இருப்பிடம். சில சென்டிமீட்டர் அளவே உள்ள யூப்ரூப்ஸ் டானே இவற்றுள் புகழ்பெற்றது. பின்னுடல் ஓட்டின் விளிம்பெங்கும் முட்கள். தலையோட்டின் இருபுறமுமுள்ள கன்னமுட்கள் நீண்டு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இந்த உருவம் அக்கால மரங்களின் இலைகளை ஒத்திருப்பதைக் கண்ட தொல்லுயிரியலாளர் டேனியல் ஃபிஷர், அது நீரைவிட்டு வெளியேறி இலைகளுக்கிடையே மறைந்திருக்கலாம் என்று 1979இல் கருதினார். துணிச்சலான கருத்து, எல்லோரும் ஏற்கவில்லை.

இல்லினாய் மாநிலத்து மேசன் கிரீக்கில், நிலக்கரிச் சுரங்க மண்மேடுகளில் கிடைக்கும் இரும்புக்கல் உருண்டைகளுக்குள் இவை உறைந்துள்ளன. சேகரிப்பாளர்கள் உருண்டையை நீரில் ஊறவைத்து, உறையவைத்து, உருகவிடுவார்கள். பலமுறை செய்தால் அது தானே இரண்டாகப் பிளக்கும். அப்படிப்பட்ட கல்லொன்றில் யூப்ரூப்ஸின் மூளையே பதிந்திருந்ததை ரஸ்ஸல் பிக்னெல் குழு 2021இல் அறிவித்தது. மூளை சிதைந்த வெற்றிடத்தில் வெண்களிமண் நிரம்பி, கருத்த கல்லில் வெள்ளையாகத் தெரிகிறது. சுமார் 31 கோடி ஆண்டுப் பழைய அந்த மூளை இன்றைய குதிரைலாட நண்டின் மூளையை அப்படியே ஒத்திருக்கிறது. ஓடு மாறியது, மூளை மாறவில்லை என்பதே இதன் வியப்பு.

ஆஸ்திரோலிமுலிடுகள் நன்னீருக்குப் போன வேறொரு கிளை. சிட்னியின் புரூக்வேலில் கிடைத்த டிரையாசிக் கால ஆஸ்திரோலிமுலஸ் ஃபிளெட்செரியை 1955இல் எட்கர் ரீக் விவரித்தார். அதன் கன்னமுட்கள் பக்கவாட்டில் விரிந்து, உடல் நீளத்தையே மிஞ்சும் அகலத்தைத் தருகின்றன. ஜேம்ஸ் லாம்ஸ்டெலின் ஆய்வுப்படி, பெலினூரிடுகள் வளர்ந்த பிறகும் குஞ்சுப் பருவத் தோற்றத்தைத் தக்கவைத்தன. ஆஸ்திரோலிமுலிடுகளோ வளர்ச்சியை வழக்கமான எல்லைக்கு அப்பால் கொண்டுசென்றன. ஒரே சூழலுக்கு இரண்டு எதிர்த்திசை விடைகள்.

கிரெட்டேசியக் காலத்திலும் நன்னீரில் குடியேறும் முயற்சி ஓயவில்லை. விக்டோரியாவின் கூன்வாராவில், பழைய ஏரிப்படிவில் கிடைத்த விக்டாலிமுலஸ் (1971) அதற்குச் சான்று. இன்று எஞ்சிய நான்கு இனங்களில், வங்காள விரிகுடாவின் கழிமுகங்களில் வாழும் சதுப்புநிலக் குதிரைலாட நண்டுதான் உவர்நீருக்கு மிகவும் பழகியது. முழுக்க நன்னீரிலேயே வாழும் இனம் ஒன்றுகூட இல்லை.