ஐந்து டாலர் போர்வை

ஹாரியட் பவர்ஸ் 1837-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் அடிமையாகப் பிறந்தவள். விடுதலைக்குப் பின் புருஷனோடு விவசாயம் செய்து பிழைத்தாள். தையலில் கெட்டிக்காரி. துணியை ஆதாம், ஏவாள், யாக்கோபின் ஏணி என்று உருவங்களாகக் கத்தரித்து, பெரிய துணியின்மேல் வைத்து, கையாலும் மெஷினாலும் தைத்து, ஒரு பஞ்சுப் போர்வையில் பைபிள் கதைகளையே சொல்லிவிட்டாள். முப்பது வெள்ளிக்காசு வாங்கிய யூதாஸும் அதில் உண்டு!

1886-இல் அவ்வூர்ப் பக்கம் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டாள். எந்த விலைக்கும் தருவதற்கில்லை என்றாள் ஹாரியட்.

சில வருஷம் கழித்துக் கஷ்டகாலம் வந்தது. மாட்டு வண்டியில், மாவுப் பைக்குள் போட்டு, அதையும் ஒரு சாக்கில் பொதிந்து, போர்வையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்மித்தின் வாசலுக்கே வந்தாள். கேட்டது பத்து டாலர்; கிடைத்தது ஐந்து. புருஷன் வற்புறுத்தியதால் சம்மதித்தாள். ஒவ்வொரு படத்துக்கும் அர்த்தம் சொன்னாள், ஸ்மித் எழுதிக்கொண்டாள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பாதிப் படங்கள் நமக்கு விளங்கியிரா.

போர்வை இப்போது வாஷிங்டனில், ஸ்மித்ஸோனியன் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. அன்று ஹாரியட்டைச் சற்றே தேற்றியது பணமல்ல. வீட்டில் மிஞ்சும் துண்டுத் துணிகளைச் சேர்த்துவைத்துத் தருவதாக ஸ்மித் கொடுத்த வாக்குத்தான். அதன் பிறகும் பலமுறை, விற்ற போர்வையைப் பார்ப்பதற்கென்றே அவள் அந்த வீட்டுக்கு வந்து போனாள்.