இணைகோட்டுக்குச் சமன்பாடு வந்த வழி

ஒரே தளத்தில் உள்ள இரண்டு நேர்கோடுகளை இரு பக்கமும் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காவிட்டால் அவை இணைகோடுகள். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தொகுத்த 'எலிமெண்ட்ஸ்' நூலின் முதல் பகுதியில், 23ஆவது வரையறை இது. ஆனால் யார் போய்ப் பார்ப்பது? கோட்டுக்கு முடிவே கிடையாதே! 'சந்திக்காது' என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் கோடு போட முடியாது.

யூக்ளிட் கோணத்தைப் பிடித்தார். அதே பகுதியின் 31ஆவது தேற்றத்தில், கொடுத்த புள்ளியிலிருந்து கோட்டுக்கு ஒரு குறுக்குவெட்டி இழுக்கச் சொல்கிறார். அது கோட்டோடு உண்டாக்கும் கோணத்தை ஒன்றுவிட்ட கோணமாகப் புள்ளியில் அமைத்தால் இணைகோடு கிடைத்துவிடும். இதில் எண் என்று ஒன்றுகூட இல்லை.

எண் வர வெகுகாலம் ஆயிற்று. 1557இல் வேல்ஸ்காரர் ராபர்ட் ரெக்கார்டு, சமம் என்பதற்கு ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளைக் குறியாக்கினார். இணைகோடு சமன்பாட்டுக்குள் நுழையுமுன் சமக்குறியாகவே அங்கே போய் உட்கார்ந்துவிட்டது என்பது எனக்குப் பிடித்த தற்செயல். 1637இல், வடிவங்களைச் சமன்பாடுகளால் ஆராய்ந்த டெக்கார்ட்டின் 'ஜியோமெட்ரி' வெளிவந்தது. ஏறக்குறைய அதே சமயம், இரு மாறிகள் கொண்ட முதற்படிச் சமன்பாடு நேர்கோட்டைத் தரும் என்று கணிதர் ஃபெர்மா எழுதிய கையெழுத்துப் பிரதி சுற்றில் இருந்தது. அது அச்சேறியது 1679இல், அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து. ஒரு புள்ளியும் சாய்வும் தெரிந்தால் கோட்டை எழுதிவிடும் இன்றைய முறையோ, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சின் மோன்ஜ் எழுதியவற்றில்தான் தெளிவாகக் கிடைக்கிறது.

ஒய் = 2 எக்ஸ் + 3 என்ற கோட்டை எடுத்துக்கொள்வோம். (1, 7) என்ற புள்ளி வழியே இதற்கு ஓர் இணைகோடு வேண்டும். எக்ஸைப் பெருக்கி நிற்கும் 2தான் சாய்வு; இணைகோட்டுக்கும் அதே சாய்வு என்பதால் அதைத் தொடக்கூடாது. மாற வேண்டியது மாறிலி மட்டுமே. புள்ளியைப் பிரதியிட்டால் 7 = 2 × 1 + சி; ஆக சி = 5. கோடு, ஒய் = 2 எக்ஸ் + 5. இரண்டும் எங்காவது சந்திக்குமா? சந்திக்கும் என்று வைத்து இரண்டையும் சமப்படுத்தினால் 2 எக்ஸ் இரு பக்கமும் அடிபட்டு, 3 = 5 என்று வந்து நிற்கிறது. யாராலும் போய்ப் பார்க்க முடியாத தூரத்தைப் பற்றி இவ்வளவு உறுதியான பதிலை ஒரே வரிக் கணக்கு தருவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆனால் ஒரு கோட்டுக்குச் சாய்வு ஒரே எண்தான் என்று எப்படிச் சொல்கிறோம்? கோட்டின்மேல் எங்கே, எந்த அளவில் செங்கோண முக்கோணம் வரைந்தாலும் ஏற்றத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள விகிதம் மாறாது என்பதால். அதாவது, அவை வடிவொத்த முக்கோணங்கள் என்பதால். 1663இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் வாலிஸ் ஓர் உரை நிகழ்த்தினார். எந்த உருவத்துக்கும் வேண்டிய அளவில் வடிவொத்த உருவம் உண்டு என்று ஒப்புக்கொண்டால் யூக்ளிட் நிறுவாமலே எடுத்துக்கொண்ட ஐந்தாம் எடுகோளை நிறுவிவிடலாம் என்று அதில் காட்டினார். இணைகோடுகளைப் பற்றிய பெரும் சர்ச்சைக்குக் காரணமாயிருந்த எடுகோள் அதுதான். சாய்வு என்று ஓர் எண்ணை எழுதும்போதே அதையும் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம்.