தொங்கு தொட்டிச் சதைப்பற்றுக் கொடிகள்

தொங்கு தொட்டிச் சதைப்பற்றுக் கொடிகள் என்பவை தண்டிலோ இலையிலோ நீரைச் சேமித்து வைத்து, கீழ்நோக்கிப் படர்ந்து வளரும் இயல்புடையனவும் தொங்கவிடப்பட்ட தொட்டிகளில் வளர்க்கப்படுவனவுமான தாவரங்கள் ஆகும். வீட்டு முற்றம், திண்ணை, மொட்டை மாடி, பலகணி போன்ற திறந்தவெளிகளில் இவை வளர்க்கப்படுகின்றன. சதைப்பற்றுள்ள தாவரம் என்பது ஒரு தாவரக் குடும்பத்தின் பெயர் அன்று. வறட்சியைத் தாங்கும் பொருட்டுப் பல குடும்பங்களில் தனித்தனியே தோன்றிய ஒரு பண்பையே அது குறிக்கும்.

தமிழகத்தின் வறண்ட நிலப்பகுதிகளுக்கு இவ்வளர்ப்பு முறை பெரிதும் ஏற்றது. விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், ஏழாயிரம்பண்ணை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்துள்ளது. இங்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. எஞ்சிய மாதங்களில் நீர்த்தட்டுப்பாடு மிகுதி. ஆதலால் குறைந்த நீரில் வாழும் செடிகளுக்கு இங்கு மதிப்பு உண்டு.

உயிரியல் அடிப்படை

பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்வாங்குகின்றன. அப்போது நீராவியும் வெளியேறி நீர் இழப்பு நேர்கிறது. சதைப்பற்றுத் தாவரங்கள் பல இதற்கு மாறாக இரவில் துளைகளைத் திறக்கின்றன. உள்வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிய நிலையில் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகின்றன. இது கிராசுலேசிய அமில வளர்சிதைமாற்றம் எனப்படுகிறது.

இம்முறைக்குக் குளிர்ந்த இரவுகள் உகந்தவை. பகலும் இரவும் ஒருங்கே வெப்பமாக உள்ள கோடையில் இரவில் வாயுவை உள்வாங்குவது குறைந்து வளர்ச்சி தடைப்படுகிறது. மெக்சிக்கோவின் மலைப்பாங்கான பகுதிகளைச் சேர்ந்த செடிகள் சமவெளிக் கோடையில் வாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்நிலையில் செடி வாடுவதைக் கண்டு மேலும் நீர் ஊற்றினால் வேர் அழுகும். சதைப்பற்றுச் செடிகள் நீரின்மையால் மடிவதை விட மிகுநீரால் மடிவதே அதிகம்.

ஏற்ற தாவரங்கள்

பத்துமணிப்பூ (போர்ட்டுலாக்கா கிராண்டிபுளோரா): தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மேசை ரோசா எனவும் அழைக்கப்படும். வெயில் ஏறிய பின்னரே மலர்கள் விரியும். முழு வெயிலைத் தாங்குவதால் சமவெளிக்கு மிகப் பொருத்தமானது. கீரையாக உண்ணப்படும் பருப்புக்கீரையும் இதே பேரினத்தைச் சேர்ந்ததே.

பிரண்டை (சிசசு குவாட்ராங்குலாரிசு): திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த, நாற்பட்டைத் தண்டுடைய கொடி. வறண்ட வேலிகளில் தானே வளரும். பற்றுக்கம்பி கொண்டு ஏறும் இயல்புடையது எனினும், பற்றுக்கோடு இல்லாத தொட்டியில் தொங்கியும் வளரும். இளந்தண்டு துவையலுக்குப் பயன்படுகிறது. கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள் உள்ளதால் பச்சையாகக் கையாளும்போது அரிப்பு உண்டாகும். அதனால் நன்கு வதக்கி, புளி சேர்த்துச் சமைப்பது வழக்கம்.

முத்துச்சரக் கொடி (கியூரியோ ரௌலியானசு): தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. முன்னர் செனிசியோ பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. உருண்டை இலைகள் மணிகளைக் கோத்தது போலத் தொங்கும். உருண்டை வடிவம் நீரை இழக்கும் மேற்பரப்பைக் குறைக்கிறது. ஒவ்வோர் இலையிலும் உள்ள ஒளிபுகும் கீற்று ஒளியை உட்பகுதிக்குக் கொண்டு செல்கிறது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் தேவை.

இதயச்சரக் கொடி (செரோப்பீசியா உட்டியை): தென்னாப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. தண்டின் கணுக்களில் தோன்றும் சிறு கிழங்குகளைக் கொண்டு இதனைப் பெருக்கலாம். இதே பேரினத்தைச் சேர்ந்த பல கொடிகள் தென்னிந்தியாவில் இயற்கையாக வளர்கின்றன. அவற்றுள் சில அருகி வருபவை. ஆகவே காட்டுச் செடிகளைத் தோண்டி எடுக்காமல் நாற்றங்கால்களில் பெருக்கப்பட்டவற்றையே வாங்க வேண்டும்.

கழுதைவால் சீடம் (சீடம் மார்கானியானம்): மெக்சிக்கோவைச் சேர்ந்தது. இலைகள் தொட்டவுடன் உதிர்வதால் காற்று வீசும் இடங்களுக்கு ஏற்றதன்று. சமவெளியில் நிழல் தேவை.

தொட்டியும் மண்ணும்

தொங்கவிட்டு வைக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. தயிர், வெண்ணெய்ப் பானைகளை எறும்பும் பூனையும் அணுகாதவாறு உறியில் வைப்பது பழைய முறை. அதே உறியைத் தென்னை நார்க் கயிற்றால் பின்னித் தொட்டிக்கும் பயன்படுத்தலாம். வெயிலிலும் மழையிலும் நார் இற்றுப்போகும் என்பதால் கயிற்றை அவ்வப்போது சோதித்தல் வேண்டும்.

சுடுமண் தொட்டியின் பக்கங்கள் வழியாக நீர் ஆவியாவதால் மண் விரைவில் உலர்ந்து வேர் காக்கப்படுகிறது. நெகிழித் தொட்டி எடை குறைந்தது, ஆனால் ஈரம் நீண்ட நேரம் தங்கும். எத்தொட்டியாயினும் அடியில் துளைகள் கட்டாயம் தேவை. 5 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி, நனைந்த மணல் கலந்த மண்ணுடன் ஏறத்தாழ 8 கிலோகிராம் எடை இருக்கும். கொக்கியும் அதைத் தாங்கும் உத்தரமும் இதைப் போல் இரு மடங்கு எடையைத் தாங்கக்கூடியனவாக இருத்தல் நன்று. ஆள்கள் நடமாடும் இடத்துக்கு நேர் மேலே தொங்கவிடலாகாது.

விருதுநகர் வட்டாரத்தில் பரவலாகக் காணப்படும் கரிசல் மண் பருத்திக்கு உகந்தது. ஆனால் தொட்டியில் தனியாக இடுவதற்கு ஏற்றதன்று. களிமண் மிகுந்த இம்மண் நனைந்தால் உப்பி நீரைப் பிடித்து வைக்கும். காய்ந்தால் பிளந்து வேர்களை அறுக்கும். எனவே பருமணல் அல்லது உடைந்த செங்கல் துகள் இரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்ற கலவை பயன்படுத்தப்படலாம். தென்னை நார்க்கழிவைச் சேர்ப்பதாயின் உப்பு நீங்கப் பலமுறை அலசிச் சேர்க்க வேண்டும்.

நீர் ஊற்றுதல்

நாள்கணக்கு வைத்து நீர் ஊற்றுவது தவறு. விரலை மண்ணில் இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்த்து, முற்றிலும் உலர்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியாக வடியும் அளவு ஊற்ற வேண்டும். இலை சுருங்குவது நீர்த்தேவையின் அறிகுறி. இலை மஞ்சளாகிக் கண்ணாடி போலக் குழைவது மிகுநீரின் அறிகுறி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் மாற்றுதல் நன்று. பத்துமணிப்பூ மட்டும் பிறவற்றை விடச் சற்று மிகுதியான நீரை ஏற்கும்.

தொட்டியின் கீழ்த் தட்டில் நீர் தேங்க விடலாகாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு இத்தகைய சிறு நீர்த்தேக்கங்களில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களே போதும்.

பெருக்கம்

தண்டுத் துண்டுகளால் பெருக்குவதே எளிது. வெட்டிய துண்டை நிழலில் இரண்டு முதல் ஐந்து நாள்கள் வைத்து, வெட்டுவாய் காய்ந்த பின் நட வேண்டும். காயாத வெட்டுவாய் வழியாகப் பூஞ்சை நுழைந்து துண்டு அழுகிவிடும். பத்துமணிப்பூவை வெட்டிய உடனேயே நடலாம். பிரண்டைக்கு ஒரு கணுவேனும் மண்ணுள் இருத்தல் தேவை.

எச்சரிக்கைகள்

முத்துச்சரக் கொடி உண்டால் நஞ்சு. அதன் மணி போன்ற இலைகள் குழந்தைகளைக் கவரக்கூடியவை ஆதலால் எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும். பிரையோபில்லம் வகைச் செடிகளில் இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள் உண்டு. இவை கால்நடைகளுக்குத் தீங்கானவை.

கழித்த துண்டுகளைக் கண்மாய்க் கரையிலோ தரிசிலோ எறிவது தவறு. ஒரு துண்டே வேர்விட்டுப் பரவ வல்லது. இதற்குச் சப்பாத்திக்கள்ளி வரலாற்றுச் சான்றாகும். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இக்கள்ளி தென்னிந்தியாவில் பெருமளவு பரவி விளைநிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அடைத்தது. 1926 ஆம் ஆண்டு இலங்கை வழியாகக் கொண்டுவரப்பட்ட ஒருவகைச் செதிற்பூச்சியே (டாக்டிலோபியசு ஒப்பன்சியே) அதனைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. எனவே கழித்த துண்டுகளைத் தரையில் படாதவாறு முற்றிலும் காய வைத்த பின்னரே உரக்குழியில் இட வேண்டும்.